கழுவேலியில் பறவை பார்க்க: எழுப்பாமல் நெருங்கும் வழி

பூநாரைக் கூட்டத்தைக் கைதட்டி எழுப்பிவிட்டுப் படம் எடுப்பவர்களை மரக்காணம் பக்கம் குளிர்காலம்தோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவரும் தன்னை வேட்டைக்காரர் என்று நினைப்பதில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டுமல்ல. விரட்டுவதும், கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அதில் அடக்கம். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எனவே வெறும் கேமராவோடு போகிறவருக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

1. எப்போது, எந்தப் பக்கம்

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசி. மழைநீர் வடிந்து சேறு தெரியத் தொடங்கியதும் உள்ளான்கள் அதில்தான் இறங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஏரிக்குக் கிழக்கே போகிறது. காலையில் அந்தப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். சாயங்காலம்தான் வர முடியும் என்பவர்கள் மேற்குக் கரைக்குச் சுற்றிக்கொண்டு போகட்டும்.

2. என்ன வேண்டும்

8×42 பைனாகுலர், தொப்பி, தண்ணீர், மண்நிறச் சட்டை. வெள்ளைச் சட்டை கூடவே கூடாது.

3. நெருங்குவது

கெட்டுப்போவது இங்கேதான். கரைமேல் ஏறி நிமிர்ந்து நின்றால் வானத்தை ஒட்டி உங்கள் உருவம் துலக்கமாகத் தெரியும். அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கூட்டமும் உஷாராகிவிடும். கரைச் சரிவிலேயே குனிந்து நடங்கள். கூட்டத்தைப் பார்த்து நேராகப் போகாதீர்கள். எங்கோ வேறு வேலையாகப் போகிறவர்போல் சாய்வாக நாலு எட்டு வைத்து நில்லுங்கள். பிறகு இன்னும் நாலு.

நிற்கும்போது கேமராவை விட்டுவிட்டுத் தலைகளைப் பாருங்கள். தலை குனிந்து மேய்ந்தால் சரி. நாலைந்து தலை நிமிர்ந்தால் அதுதான் உங்கள் எல்லை, அங்கேயே உட்காருங்கள். கூட்டமே மேய்ச்சலை விட்டு ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள், மெதுவாகப் பின்வாங்குங்கள். அடுத்தது கத்தல், அதற்கடுத்தது பறத்தல்.

பறந்தால் என்ன, திரும்பி வராதா என்று கேட்பார்கள். கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம். சைபீரியத் துந்திரா வரை திரும்பிப் போக வேண்டிய அந்த உடம்பு இங்கே மேய்ந்துதான் கொழுப்பைச் சேர்க்கிறது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் செலவாகிறது. மேயும் நேரமும் போகிறது.

குறுக்குவழி ஒன்று உண்டு: அசையாமல் உட்காருவது. அரைமணி நேரம் பொறுத்தால் மேய்ந்துகொண்டே அவையே உங்கள் பக்கம் வரும். கார் கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே பார்ப்பதும் நல்ல வழிதான். நிற்கும் வண்டிக்குப் பறவை அவ்வளவாகப் பயப்படாது. கதவு திறந்தால் பயப்படும்.

மார்ச்சுக்கு மேல் ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது. தேடாதீர்கள். மண்ணோடு மண்ணாக இருக்கும் அது, தேடும் காலிலேயே மிதிபடும். நீங்கள் குனிந்து பார்க்கும் இடத்தைக் காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

4. உப்பளத்தில்

உப்பு பூத்த பாத்திகளில் பறவை குறைவு. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்திகளைப் பாருங்கள். நெட்டைக்கால் உள்ளான் அங்கேதான் நிற்கும். வரப்பு உப்பளத் தொழிலாளர்கள் மிதித்துக் கட்டியது. உங்கள் செருப்புச் சேறு பாத்தியில் விழுந்தால் கெடுவது அவர்களின் உப்பு. “அண்ணே, இப்படிப் போகலாமா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் பெரும்பாலும் வழியும் சொல்வார்கள், இன்று கூட்டம் எங்கே இறங்கியிருக்கிறது என்றும் சொல்வார்கள். வேலை செய்பவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

5. முன்னால் வந்தவர்

   ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் பறவைக்கும் நடுவே போகாதீர்கள். பின்னால் வந்து உட்காருங்கள்.

6. வெயில் ஏறியதும்

கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்கு வாருங்கள். இந்தக் கரையோரத்தின் வறண்ட பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருக்கும் துண்டுகளில் அது ஒன்று. பாதையை விட்டு இறங்க வேண்டாம். கைபேசியில் ஆறுமணிக்குருவியின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கவும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது வேலையை விட்டு ஓடி வரும். கும்பிட வந்தவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். சுற்றியுள்ள புதர்க்காட்டில் கௌதாரி கூவினால் நின்று கேளுங்கள். 

7. கணக்கு

பார்த்ததை இ-பேர்டு இணையதளத்தில் பதியுங்கள். புதியவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். ஓரிடத்தில் 15 நிமிடம் எண்ணினால் போதும். கூடு இருந்த இடத்தை மட்டும் எங்கும் எழுதாதீர்கள், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில்கூட.