இரும்புச் சட்டையும் இருபது கிலோ வாளும்

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே 17 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்குடி கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகிர்தார் கட்டியது என்கிறது தொல்லியல் துறை. வெட்டுக்கல் மதில், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு. ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு தமிழ் மண்ணில் மோதிக்கொண்ட இடங்களில் இதுவும் ஒன்று. அதனாலேயே சினிமா பார்த்துச் சேர்ந்த கற்பனைகளும் இங்கே அதிகம். சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறதே, அங்கேயும் இதே கதைதான். பாத்திரங்கள் மட்டும் வேறு. அந்தக் கற்பனைகளில் சிலவற்றைப் பார்க்கலாம்.

“வெள்ளைக்காரர்கள் கவசம் பூட்டி, வாளோடு வந்து மோதினார்கள்.”

ரஞ்சன்குடிச் சண்டை நடந்தது 1751-இல். ஐரோப்பாவின் காலாட்படை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இரும்புக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அளவுக்குத் தகட்டைத் தடிப்பாக்கினால் அதைச் சுமந்து நடக்க முடியாது. நடக்கும் அளவுக்கு மெலிதாக்கினால் குண்டைத் தடுக்காது. பிறகு எதற்குச் சுமப்பது? குதிரைப்படையில் சிலர் மட்டும் மார்புத் தகட்டை விடாமல் வைத்திருந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் தோளில் இருந்தது நாலரைக் கிலோ எடையுள்ள, முக்கால் அங்குலக் குழல்வாய்த் துப்பாக்கி. தேர்ந்த கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடும். நூறு மீட்டருக்கு அப்பால் குறி என்பது அதிர்ஷ்டத்தின் பாடு. குழல் முனையில் 17 அங்குலச் சனியனை, அதாவது பயனெட்டை, செருகினால் துப்பாக்கியே ஈட்டியாகிவிடும். வாள் பெரும்பாலும் அதிகாரிகளின் இடுப்பிலும் குதிரைவீரர்களின் கையிலும் மிஞ்சியிருந்தது. ரஞ்சன்குடி மதிலே இதற்குச் சாட்சி: அந்தக் கொத்தளங்கள் பீரங்கி நிறுத்தி நாலா பக்கமும் சுட வசதியானவை.

“அந்தப் போரில் ஆங்கிலேயர் வென்றார்கள்.”

சுருக்கக் குறிப்புகளில் இப்படித்தான் இருக்கும். ஆங்கில ஆவணங்கள் ‘வால்கொண்டா’ என்று சொல்லும் ஊர் பக்கத்திலுள்ள வாலிகண்டபுரம். அவை வர்ணிக்கும் கோட்டை ரஞ்சன்குடி. நவாப் பட்டத்துக்கு முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிப் மறுபக்கம். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. ஆங்கிலப் படைக்குக் கேப்டன் கிங்கென்ஸ் தலைமை. கோட்டை ஆளுநரோ எந்தப் பக்கம் சாய்வது என்று சொல்லாமல் இழுத்தடித்தார். யார் ஜெயிப்பார் என்று தெரியாதபோது அதுதானே புத்திசாலித்தனம். பொறுமையிழந்த கிங்கென்ஸ் பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார். மேலே இருந்த கல்கோட்டையை அவரால் அசைக்க முடியவில்லை. தோத்தேயின் பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்து, பீரங்கிகள் முழங்கியதும் ஆங்கிலேய வீரர்கள் கலைந்து ஓடினார்கள். இவர்கள் ஓடினார்கள் என்பதைக் கம்பெனியின் சொந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மே மறைக்காமலே எழுதியிருக்கிறார். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

படைக்குத் தளவாடம் சேர்க்கும் வேலையில் அப்போது ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். சில வாரங்களில் அவர் ஆற்காட்டுக்குப் புறப்பட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. மறு ஆண்டு, 1752-இல், இதே வால்கொண்டாவில் தோத்தே கிளைவிடம் சரணடைந்தார். ஆக, இந்த இடத்தில் ஆங்கிலேயர் வென்றது உண்மைதான். ஆனால் அது அடுத்த ஆண்டுக் கதை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், ஓடியவர்கள் ஓடாதவர்களாகிவிடுகிறார்கள்.

“பழைய வாள் பத்து, இருபது கிலோ இருக்கும். கவசம் பூட்டிய வீரனைக் கயிறு கட்டித்தான் குதிரையில் ஏற்றுவார்கள்.”

பரவலில் இதை மிஞ்ச வேறு நம்பிக்கை இல்லை. உலகம் முழுக்கவும் உண்டு. பதில் எளிது: எடை போட்டுப் பார்ப்பது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள ஒற்றைக்கை வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றியே நிற்கின்றன. இரு கையாலும் பிடிக்கும் நீள்வாள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். போர்க்களத்துத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. அதுவும் தோள், இடுப்பு, தொடை என உடல் முழுக்கப் பகிர்ந்து நிற்கும். 14-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வீரர் பூசிக்கோ கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கயிற்றில் தூக்கும் காட்சியைப் பிரபலமாக்கியது லாரன்ஸ் ஒலிவியே 1944-இல் எடுத்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படம்.

இதற்கு நேரெதிரான மிகையும் உண்டு: கவசம் போட்டாலும் போடாததுபோலவே ஓடலாம் என்பது. இங்கிலாந்தின் லீட்ஸில் ஆய்வாளர்கள் கவச நகல்களை அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவிட்டு, அவர்கள் மூச்சை அளந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நடப்பதற்கு ஆகும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். கால் கவசம்தான் பெரிய வில்லன். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. குட்டிக்கரணம் போடலாம், ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும்.

இப்படி அளந்து, செய்து, அணிந்து பார்ப்பது ஐரோப்பாவில் இன்று ஒரு தனி இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. ஆல்ஃபிரட் ஹட்டன், எகர்ட்டன் காஸில் போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பழைய வாள்வித்தை நூல்களைத் தூசி தட்டினார்கள். லீட்ஸில் உள்ள 14-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் ஒரு பாதிரியாரும் மாணவரும் வாளும் சிறு கேடயமுமாகப் பயிற்சி செய்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளெடுக்கிறாள். இத்தாலியரான ஃபியோரே 1409-ஐ ஒட்டி எழுதிய நூலும், ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாகிம் மேயர் 1570-இல் அச்சிட்ட நூலும் இவர்களுக்குப் பாடப் புத்தகம். முனை மழுங்கிய இரும்பு வாள், முகமூடி, பஞ்சுச் சட்டை சகிதம் ஒவ்வொரு படத்தையும் ஆடிப் பார்க்கிறார்கள். படத்தில் இருப்பது கையில் வரவில்லையென்றால் தாங்கள் படித்த விதம் தவறு என்று வைத்துக்கொண்டு மறுபடி படிக்கிறார்கள்.

“சோழ வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்திருந்தார்கள்.”

கங்கைகொண்ட சோழபுரத்துத் துவாரபாலகர் கையில் இருக்கும் பெரிய கதாயுதத்தைக் காட்டி, சோழப் படையே இப்படித்தான் என்று சொல்பவர்கள் உண்டு. துவாரபாலகர் சிற்ப இலக்கணப்படி செதுக்கப்பட்டவர். அவரிடம் போய்ப் படைக்கலப் பட்டியல் கேட்பது நியாயமில்லை. வீரனைப் பார்க்க வேண்டுமானால் நடுகல்லுக்குப் போக வேண்டும். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் இருப்பவன் வில்லோ குறுவாளோ கேடயமோ ஏந்தியிருக்கிறான். உடம்பை மூடும் இரும்பைக் காணோம்.

அதற்காகக் கவசமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 13-ஆம் பாடலில் அம்பு கிழித்த கவசம் வருகிறது; அது புலித்தோல். தோலும் தடித்த துணியும் இந்த வெயிலுக்கு ஒத்துவரும். தஞ்சைக் கல்வெட்டுகளோ படைப்பிரிவுகளைப் பெயரோடு எண்ணுகின்றன: வில்லிகள், கைக்கோளர், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், வேளைக்காரர். 1225-இல் எழுதிய சீன அதிகாரி சாவ் ஜூ-குவா, சோழ நாட்டு யானைகளின் முதுகில் வீடுபோல் அமைத்து, தூரத்தில் அம்பும் கிட்டத்தில் ஈட்டியுமாக வீரர்கள் போரிடுவதாகச் சொல்கிறார். யானை அறுபதாயிரம் என்று அவர் போட்ட கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ளவர்கள் உடம்பில் எதுவுமின்றி ஈட்டியும் கேடயமுமாகப் போருக்குப் போகிறார்கள் என்று கொஞ்சம் இளக்காரமாகவே எழுதினார். இளக்காரத்தைத் தள்ளிவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

‘பொன்னியின் செல்வன்’ படங்கள் கவசம் காட்டியதில் குற்றமில்லை. அது சினிமா. அதிலிருந்து ஒரு காட்சியை வெட்டி எடுத்து வரலாற்றுப் படம் என்று பகிரும்போதுதான் சிக்கல்.

“நம் எஃகு உலகத்திலேயே சிறந்தது, பிற நாட்டு இரும்பை நாம் தொட்டதில்லை.”

முதல் பாதியில் உண்மை நிறைய. ஈரோடு பக்கம் கொடுமணலிலும், கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவலூரிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகின் ரகசியத்தைப் பிடிக்க மைக்கேல் ஃபாரடேயே 1819 வாக்கில் லண்டனில் கலவைகள் செய்து பார்த்தார். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் பலவற்றில் கைப்பிடி நம் கொல்லன் செய்தது, அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. நீண்ட வாள் அலகை வெட்டி, கட்டாரிப் பிடியில் ஆணி அறைந்து பொருத்தினார்கள். நல்ல அலகு எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கொல்லனுக்கு வீண் ரோஷம் கிடையாது. அந்த ஆயுதசாலையை 1860-களின் தொடக்கத்தில் கலைத்தபோது, தேர்ந்தெடுத்தவை மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

“சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுகளாக அப்படியே மாறாமல் வருகிறது.”

கம்பு பழையது, சந்தேகமில்லை. ‘அப்படியே’ என்பதுதான் உதைக்கிறது. இன்று மேடையில் சுழலும் அலங்காரச் சிலம்பம் ஒன்று, தொடுபுள்ளி எண்ணும் போட்டிச் சிலம்பம் இன்னொன்று, எம்.ஜி.ஆர். படங்கள் பார்த்து மனசில் பதிந்தது மூன்றாவது. இடையில் எத்தனையோ நடந்திருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் சென்னை ஆளுநராக இருந்தபோது, 1801 டிசம்பரில் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடைசெய்தார். 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளும் ஈட்டியும் கையை விட்டுப் போன பிறகு கம்பின் வேலையும் மாறாமல் இருந்திருக்காது.

ஐரோப்பியர் கையில் நூல் இருக்கிறது, கற்றுத்தந்த வாத்தியார் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இங்கே வாத்தியார் இருக்கிறார். வர்மச் சுவடிகளும் உண்டு. ஆனால் ராஜேந்திர சோழன் காலத்து வீரன் எந்தக் காலை முன்வைத்தான் என்று படம் போட்டுக் காட்டும் நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஆகவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கம்பு சுற்றும் வாத்தியார்களிடம் கேட்க வேண்டியது ‘எத்தனை ஆயிரம் ஆண்டு’ என்பதல்ல. யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார், எந்தக் காலடிச் சுவடு எந்த ஊர்க்காரருடையது, எதை இவரே புதிதாகச் சேர்த்தார் என்று கேட்டு, சுற்றுவதைப் படம்பிடித்து, கம்பின் நீளமும் எடையும் மரமும் என்னவென்று பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.