கல்லில் எழுதியிருந்தது

நுழையுமுன்

ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து. செவிவழிக் கேட்ட செய்திகளை நேரில் கண்டு சரிபார்க்கும் வாய்ப்பும் அதில் உண்டு. நெடுங்காலம் விரும்பி நம்பிய செய்தி ஒன்று, நேரில் காணும்போது உண்மையன்று எனத் தெரிந்தால் என்ன செய்வது? இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கச் சென்ற ஒரு குடும்பத்திற்கு அவ்வினா எழுந்தது. அதைப் பற்றியது இப்பாடம்.

வந்த விருந்தினர்

கயல்விழியின் பெற்றோர் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் வாழ்கின்றனர். மே மாத இறுதியில் அவளுடைய பள்ளிக்கு ஒரு வார விடுமுறை. அப்போது தூத்துக்குடியிலிருந்து தாத்தாவும் ஆச்சியும் வந்திருந்தனர். புனேயில் படிக்கும் அத்தை மகள் பூங்குழலியும் அவர்களுடன் வந்திருந்தாள். பெண்கள் இருவருக்கும் வயது 12.

தாத்தா 34 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். "நீங்கள் எங்கு அழைத்துச் சென்றாலும் வருகிறேன். ஆனால், ஆக்ஸ்போர்டில் போப் ஐயர் கல்லறையைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன்" என்றார் அவர். அக்கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதப்பட்டிருப்பதாக அவர் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்தார். தமிழ்நாட்டு மேடைகளிலும் அச்செய்தி பலமுறை சொல்லப்பட்டதுதான். கயல்விழி மூன்று நாள் பயணத்திற்குத் திட்டம் வகுத்து, ஆக்ஸ்போர்டை இறுதியில் வைத்தாள்.

கோடு எங்கே?

முதல் நாள் அவர்கள் இலண்டனில் தேம்ஸ் ஆற்றுப் படகில் ஏறிக் கிரீன்விச் சென்றனர். குன்றின் மேலுள்ள பழைய வானாய்வு நிலையத்தின் முற்றத்தில் ஓர் உலோகக் கோடு பதிக்கப்பட்டுள்ளது. 1884ஆம் ஆண்டில் நாடுகள் பல கூடி, அவ்விடத்து நெடுங்கோட்டையே உலகின் தொடக்கக் கோடாக ஏற்றன. அதற்குக் கிழக்கே 82.5 பாகையிலுள்ள கோட்டைக் கொண்டு இந்திய நேரம் கணக்கிடப்படுகிறது. அதனால் இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது.

"பாடநூலில் ஐந்தரை மணி என்றுதான் படித்தேன். இங்கோ நான்கரை மணி வேறுபாடே இருக்கிறதே!" என்று பூங்குழலி வியந்தாள். கோடைக்காலத்தில் இந்நாட்டார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்வர் எனக் கயல்விழி விளக்கினாள்.

தாத்தா கோட்டின் இருபுறமும் கால்களை ஊன்றி நின்றார். பூங்குழலி தன் கைப்பேசியை நோக்கினாள். அதில் சுழியம் காட்டப்படவில்லை. கைப்பேசிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் புவியின் மையத்தைக் கொண்டு அளக்கின்றன. பழைய தொலைநோக்கியோ அவ்விடத்துப் புவியீர்ப்பின் திசையைச் சார்ந்து அளந்தது. அதனால் இரு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 102 மீட்டர் வேறுபாடு உண்டு. "அப்படியானால் அந்தக் கோட்டையும் மிதித்துவிட வேண்டும்!" என்று தாத்தா பூங்காவினுள் கிழக்கு நோக்கி நடந்தார். ஆச்சி சிரித்துக்கொண்டே அவரைப் பின்தொடர்ந்தார்.

கற்கள் வந்த வழி

மறுநாள் ஸ்டோன்ஹெஞ்ச் சென்றனர். பரந்த புல்வெளியின் நடுவே பெருங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. அவை நிறுத்தப்பட்டு ஏறத்தாழ 4500 ஆண்டுகள் ஆகின்றன. பெரிய கற்களின் எடை சராசரியாக 25 டன். மெர்லின் என்னும் மந்திரவாதி அயர்லாந்திலிருந்து இக்கற்களைக் கொண்டு வந்தான் என 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று கூறுகிறது. மக்கள் அக்கதையைப் பல தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கற்களின் வேதிப்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரிய கற்களுள் பெரும்பாலானவை 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு காட்டுப் பகுதியைச் சேர்ந்தவை எனக் கண்டறிந்தனர். சிறிய நீலக்கற்களோ 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து வந்தவை.

"மந்திரவாதி தூக்கி வந்தான் என்பதைவிட, மனிதர்கள் இழுத்து வந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது" என்றார் ஆச்சி.

கல்லறைத் தோட்டத்தில்

மூன்றாம் நாள் ஆக்ஸ்போர்டு. தொடர்வண்டியில் செல்லும்போது தாத்தா போப் ஐயரின் வரலாற்றைச் சொன்னார். ஜி.யு. போப் 1820ஆம் ஆண்டு கனடாவில் பிறந்தார். 1839ஆம் ஆண்டு சமயப் பணிக்காகத் தமிழகம் வந்தார். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்திலும் பின்னர்த் தஞ்சாவூர், உதகமண்டலம் ஆகிய ஊர்களிலும் பணியாற்றினார். இங்கிலாந்து திரும்பியபின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886ஆம் ஆண்டிலும், திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். 1908ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

வால்டன் தெருவிலிருந்து உள்ளே செல்லும் பாதையில் நடந்து, மரங்கள் அடர்ந்த செபல்கர் கல்லறைத் தோட்டத்தை அடைந்தனர். சிறிது நேரம் தேடியபின் போப்பின் பெயர் தென்பட்டது. தாத்தா கைகூப்பி நின்றார். கண்புரையால் அவருக்கு எழுத்துகள் தெளியவில்லை. "கயல், கல்லில் உள்ளதை எனக்கு வாசித்துச் சொல்" என்றார்.

கயல்விழி முதலில் மனத்திற்குள் படித்தாள். அவர் சொல்லி வந்த தொடர் அங்கு இல்லை. மீண்டும் படித்தாள். அப்போதும் இல்லை. பூங்குழலியும் கல்லை நோக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். 'இருக்கிறது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாத்தா மனம் நிறைந்து ஊர் திரும்புவார். ஆனால், அவர் ஊரில் மற்றவர்களிடமும், 'என் பேத்தியே வாசித்துக் காட்டினாள்' என்று சொல்வாரே! 102 மீட்டர் நடந்து சென்று உண்மையான கோட்டைத் தேடியவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

அவள் உள்ளதை உள்ளவாறே வாசித்துத் தமிழில் பொருள் கூறினாள். போப்பின் பெயர், பணி, பிறந்த நாள், இறந்த நாள் ஆகியவை அதில் இருந்தன. கீழைநாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாள் முழுவதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அக்கல்லை வைத்ததாகவும் எழுதப்பட்டிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், தாத்தா. 'தமிழ் மாணவன்' என்னும் தொடர் இதில் இல்லை."

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. ஆச்சி தண்ணீர்க் குடுவையை அவரிடம் நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "தமிழ் நண்பர்கள் என்று வரும் இடத்தை மட்டும் மறுபடி வாசி" என்றார் தாத்தா. அவள் வாசித்தாள்.

"அவர் மறைந்தபின், கடலுக்கு அப்பாலிருந்த நம்மவர் அவருக்குக் கல் வைக்க முன்வந்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே! 34 ஆண்டுகளாக இங்கு இல்லாததைச் சொன்னேன், இருப்பதைச் சொல்லாமல் விட்டேன்" என்றார். பின்னர்க் கயல்விழியின் தலைமீது கை வைத்து, "நல்ல வேளை, நீ உள்ளதைப் படித்தாய்" என்றார்.

அன்றிரவு தாத்தா தம் பழைய மாணவர்களுக்கு ஒரு மடல் சொல்லச் சொல்ல, பூங்குழலி தமிழில் எழுதினாள். கல்லில் இருந்த வாசகத்தைக் கயல்விழி ஆங்கிலத்தில் எழுதி அதனுடன் இணைத்தாள். மடல் இவ்வாறு தொடங்கியது: "அன்புள்ள மாணவர்களே, நான் உங்களுக்குக் கற்பித்த பாடத்தில் ஒரு திருத்தம் உண்டு."

சொற்பொருள்

நெடுங்கோடு – புவியின் மீது வடக்கு தெற்காகச் செல்வதாகக் கொள்ளப்படும் கற்பனைக் கோடு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
சுழியம் – பூச்சியம்
கண்புரை – கண்ணின் ஒளி புகும் பகுதி மங்கும் நோய்
மடல் – கடிதம்

பயிற்சி

1. கைப்பேசி காட்டும் கோடும் முற்றத்தில் உள்ள கோடும் வேறுபடுவது ஏன்?
2. ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் பற்றிய கதையும் ஆய்வு கூறும் உண்மையும் யாவை?
3. கல்லறையின் முன் கயல்விழி தயங்கியது ஏன்? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
4. தாத்தா எழுதிய மடலின் எஞ்சிய பகுதியை ஐந்து தொடர்களில் எழுதுக.
5. திருக்குறளில் 'அறிவுடைமை' அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்திற்குப் பொருந்தும் குறளைத் தேர்ந்தெடுத்துக் காரணம் கூறுக.