உதிரிபாகம் பழுது, விற்றவரிடமிருந்து பதில் இல்லை: என்ன செய்வது?

நம் பகுதியில் பல வீடுகளின் வருமானம் ஒரு பைக்கை நம்பியே ஓடுகிறது. உணவு டெலிவரி செய்யும் பிள்ளை, துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போகும் வியாபாரி, ராசிபுரத்திலிருந்து தினமும் சேலம் வந்து வேலை பார்ப்பவர் என யாராக இருந்தாலும், வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். டிஸ்க் பேட் போன்ற பிரேக் சாமான் என்றால் உயிருக்கே ஆபத்து.

உதவி கேட்டு வருபவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஆன்லைனில் வாங்கிய ரெகுலேட்டர் மாட்டிய மூன்றாம் நாளே போய்விடுகிறது. விற்றவருக்குப் போன் செய்தால், "கம்பெனியில் கேட்டுச் சொல்கிறோம்" என்கிறார். மறுநாள் போனை எடுப்பதில்லை. அதற்கடுத்த நாள் வேறொருவர் பேசுகிறார். அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்படியே திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாளும் ஓடிவிடும். எட்டாம் நாள்தான் தெளிவான பதில் வரும்: "டைம் முடிஞ்சுபோச்சு."

பத்து முறை போனில் பேசியதற்குச் சாட்சி எதுவும் இல்லை. எனவே பழுது தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். பில் எண், வாங்கிய தேதி, வண்டியின் மாடலும் வருடமும், என்ன பழுது என்பதை எழுதி, மாற்றுப் பொருள் வேண்டுமா பணம் வேண்டுமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். படம் எடுத்துச் சேருங்கள். மெக்கானிக்கிடமும் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நீங்கள் தப்பாக மாட்டிவிட்டீர்கள்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். சில நேரம் அது உண்மையாகவும் இருப்பதுண்டு. ஒரு வருட மாடலுக்குரியது அடுத்த வருட மாடலுக்குச் சேராமல் போகலாம்.

பழுதென்று தெரிந்த சாமானைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிக்ஹு நூல்கள் இதைக் 'கியாருல் ஐப்' என்ற தலைப்பில் பேசுகின்றன: வாங்கும்போது தெரியாத குறை பிறகு தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, தெரிந்த பின்னும் பயன்படுத்தினால் அந்தக் குறையை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பழைய இரும்புக் கடையிலும் போட்டுவிட வேண்டாம். வழக்கு என்று வந்தால் ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாருக்கு எண் கொடுக்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. கடையில் நேரில் வாங்கியதற்கும் பாதுகாப்பு உண்டு. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள் கணக்கு.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். இது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லும் இடம். ஆனால் அங்கே பதிவது வீண்போவதில்லை. ஓராண்டில் அந்த எண்ணில் பதிவான 10,644 புகார்களை வைத்துத்தான் 2024 அக்டோபரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்ன பிறகும் விசாரணை தொடர்ந்தது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவரும் நுகர்வோரே.

நம்மவர்களிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்போர் உண்டு. கம்பெனி மாற்றித் தர நாளாகும் என்றால் வாங்கியவரிடம் அதையே சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் கோபத்தை வளர்க்கிறது.

மனு எழுத உதவி தேவைப்படுவோர் ஞாயிறு அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். பில், அனுப்பிய செய்திகளின் நகல், கழற்றிய சாமான் மூன்றையும் கொண்டு வரவும்.