பள்ளி முழுக்க ஒரே சொல்

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டத்தில் கரிசல் காட்டுப் பள்ளியும் உண்டு. வேம்பார், வைப்பார் போன்ற கடற்கரை ஊர்ப் பள்ளியும் உண்டு. இரண்டிலும் ஆசிரியர்களின் குறை ஒன்றுதான்: “சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.” ஒரே தவறுக்கு முதல் பாடவேளையில் அதட்டல், மூன்றாவதில் சிரிப்பு, ஐந்தாவதில் குட்டு என்றிருந்தால், எந்த ஆசிரியரிடம் எது செல்லும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்வான். பள்ளியிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால்தான் அது பழக்கமாகும். அதற்கான வழி இது.

1. மூன்று விதிகள் போதும்

நேரத்துக்கு வருவோம், மரியாதையாகப் பேசுவோம், பத்திரமாக நடப்போம். இவற்றை இடத்துக்கு ஏற்றபடி விரித்து எழுதுங்கள்: காலை வழிபாட்டுக் கூட்டம், சத்துணவு வரிசை, குழாயடி, கழிப்பறை, பஸ் ஏறும் இடம். “ஒழுங்காக இரு” என்றால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. “தட்டைக் கழுவியதும் குழாயை மூடிவிட்டு நகரு” என்றால் உடனே செய்வான். இதை முடிவு செய்யும் கூட்டத்தில் சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரும் உட்கார வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது அவர்கள்தானே.

2. பாடம்போல நடத்துங்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம், வகுப்பை அந்தந்த இடத்துக்கே அழைத்துப்போய்ச் செய்து காட்டுங்கள். பிள்ளைகளையும் செய்ய வையுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்ததும் மறுபடி ஒருமுறை நடத்துங்கள்.

3. அணிகளைக் கலந்து அமையுங்கள்

அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பர் 14 அன்று தொடங்கிய ‘மகிழ் முற்றம்’ திட்டம் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து அணிகளைத் தந்திருக்கிறது. நம் தென்மாவட்டங்களில் அதற்குக் கூடுதல் பொருள் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதிப் பகையால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிறு பிரித்த பிள்ளைகளை அணி சேர்க்க வேண்டும். எனவே குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஓர் அணியில் குவிந்தால் மறுபடி குலுக்குங்கள்.

நல்லது செய்தால் புள்ளி கொடுங்கள். கொடுத்த புள்ளியைப் பறிக்காதீர்கள். ஒருவன் தவறால் அணி தோற்றால், அந்த அணியே அவனைப் பகைக்கும்.

4. கண்டதைச் சொல்லிப் பாராட்டுங்கள்

“குட்” என்பதோடு நிறுத்தாமல், “சின்ன வகுப்புப் பிள்ளைக்கு முதலில் தண்ணீர் பிடிக்க வழிவிட்டாயே, அது நல்ல காரியம்” என்று சொல்லுங்கள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தார் 1990களிலிருந்து வளர்த்த நேர்மறை நடத்தை முறையைப் பின்பற்றும் பள்ளிகளில், ஒரு கண்டிப்புக்கு நான்கைந்து பாராட்டு என்பது பொதுவான கணக்கு. அடிக்கடி திட்டு வாங்கும் பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு மிகவும் தேவை.

5. தவறுக்கு ஒரே வழி

சிறு தவறென்றால் அருகில் போய்த் தணிந்த குரலில் விதியை நினைவூட்டி, சரியானதைச் செய்ய வையுங்கள். அடிதடி, கேலிவதை, சாதி சொல்லித் திட்டுவது என்றால் அன்றே தலைமையாசிரியரிடம் போக வேண்டும். பிரம்பை எடுக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அடி வாங்கிய பிள்ளைக்கு வலி நினைவிருக்கும். எப்படி நடக்க வேண்டும் என்பது தெரிந்திருக்காது.

6. குறிப்பேடு வையுங்கள்

எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை சேர்ந்து படியுங்கள். சண்டையெல்லாம் மதியம் குழாயடியில் என்றால், வகுப்புகளைப் பத்து நிமிட இடைவெளியில் சாப்பிட அனுப்பிப் பாருங்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்றால் பஸ் நேரத்தை விசாரியுங்கள். மாசி, பங்குனியில் வராத பிள்ளை மிளகாய்ப் பழம் பறிக்கப் போயிருக்கலாம்; அங்கே பெற்றோரிடம்தான் பேச வேண்டும்.

7. சிலருக்குத் தனிக் கவனம்

இத்தனைக்குப் பிறகும் திணறும் பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். காலையில் இரண்டு நிமிடம், “சாப்பிட்டாயா, நேற்று எப்படிப் போனது?” என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வரும். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைத் தவறாமல் திறந்து படியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

8. வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மூன்று விதிகளையும் அவர்கள் முன் படித்துக் காட்டுங்கள். பெற்றோரைப் புகார் சொல்ல மட்டும் கூப்பிடாமல், நல்ல செய்தி சொல்லவும் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வரும் திங்கட்கிழமை சத்துணவு வரிசையில் தொடங்குங்கள். தலைமையாசிரியர் மாறலாம், ஆசிரியர்கள் மாறலாம். புதிதாக வரும் ஆசிரியரிடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “எங்க பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்கதான் முதல்ல, சார்” என்று சொன்னால், அன்று உங்கள் வேலை வேர்பிடித்துவிட்டது.