புல்லில் விரித்த வலை யாருடையது?

காலையில கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்களே! மலையோரப் புல்லில் பனி படிந்து, வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தெரியும் வலைகளைப் பார்த்திருப்பீர்கள். விஷப்பூச்சி என்று பயந்து அடித்துக் கொல்பவர்களும் உண்டு.

அந்த விரிப்பின் ஓர் ஓரத்தைக் கவனியுங்கள். புனல் மாதிரி ஒரு குழாய் உள்ளே இறங்கும். அதன் வாயில்தான் சிலந்தி காத்திருக்கும். பூச்சி விழுந்தால் வலைமேல் பாய்ந்தோடி வரும், ஆளைக் கண்டால் சட்டென்று உள்ளே போய்விடும். உடம்பு ஒரு சென்டிமீட்டர் அளவு, பழுப்பு நிறம். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரியும்; பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். (நம்ம கூடைச் சுமை மாதிரித்தான்!) இதன் பெயர் ஹிப்பாசா. குழாய் இல்லாமல், விரிப்புக்கு அடியில் தலைகீழாகத் தொங்குகிற சின்னஞ்சிறு சிலந்தி என்றால் அது வேறு குடும்பம், லினிஃபிட். இரண்டுமே பூச்சி பிடித்துத் தின்பவை, நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை. கையால் மட்டும் பிடிக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது உள்ளங்கை அகலத்துக்கு வளரும் மயிர்ச் சிலந்தி. சிங்களத்தில் திவிமகுளுவா என்பார்கள். இது விரிப்பு வலை கட்டாது; மரப்பொந்தில் இருக்கும், சிலவேளை வீட்டுக்குள்ளும் வரும். கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும், பிடிப்பு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரலாம். மந்திரிக்கிறோம் என்று நேரத்தைக் கடத்தாமல், பெல்மதுளைப் பக்கத்தவர்கள் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப்போங்கள்.