தாயின் காவல்

வடசென்னையில் டோல்கேட் என்றோர் இடம் உண்டு. சுங்கவாயில் என்பது அப்பெயரின் பொருள். வாயில் காப்போன் வருவோரை ஆராய்ந்தே உள்ளே விடுவான். நம் உடலிலும் அத்தகைய காவல் ஒன்று உளது. அதுவே நோய் எதிர்ப்பாற்றல். அயற்பொருளைக் கண்டால் அஃது எதிர்த்து அழிக்கும்.

கருவிலுள்ள குழவி தந்தையின் மரபுக்கூறுகளையும் உடையது. ஆதலின் தாயுடலுக்கு ஓரளவு அயலானதே. எனினும் தாயின் காவல் அதனைத் தாக்குவதில்லை. இஃது எங்ஙனம் என்னும் வினாவை 1953-ஆம் ஆண்டில் பீட்டர் மெடவார் என்னும் அறிஞர் எழுப்பினார். காவல் உறங்கிவிடவில்லை, தன் போக்கை மாற்றிக்கொள்கிறது என்பதை இன்று அறிவோம். வெள்ளணுக்களுள் ஒருவகை, ஏனையவற்றை அடக்கிக் குழவியைக் காக்கின்றது.

பேறுகாலம் நெருங்குங்கால் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் பெருகிக் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கிருமித்தொற்றால் அவ்வழற்சி முன்னரே மூளின், 37 வாரம் நிறையுமுன் மகவு பிறக்கக்கூடும். பல்வேறு காரணங்களால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன.

ஆதலின் கருவுற்ற பெண்டிர் காய்ச்சலையும் நீர்க்கடுப்பையும் சிறிதெனக் கருதி மறைத்தல் ஆகாது. வடசென்னையின் இராயபுரத்தில் அரசு மகப்பேறு மருத்துவமனை உளது. தாய் அங்கே உரிய காலத்திற் செல்லத் துணைநிற்றல் இல்லத்தார் அனைவரின் கடமையாகும். குழவியைத் தாய் காக்கின்றாள். தாயை நாம் காத்தல் வேண்டும்.