மூலமா? முதலில் கூச்சத்தை விடுங்க!

கொடுமுடிப் பக்கம் ஆசனவாயில் ரத்தம் சொட்டினால், "உடம்புச் சூடுங்க, மோர் குடிச்சா அடங்கீரும்" என்று தள்ளிப் போடுவார்கள். மூலம் வெறும் சூடு இல்லை. ஆசனவாயின் உள்ளே எல்லோருக்கும் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை உண்டு. முக்கி முக்கி அது வீங்கிச் சரிவதுதான் மூலம்.

1. அடையாளம்: மலத்தோடு கலக்காமல் பளிச்சென்ற சிவப்பில், வலியில்லாமல் சொட்டினால் பெரும்பாலும் உள்மூலம். கத்தியால் கீறினாற்போல வலித்தால் வெடிப்பாக இருக்கலாம். பக்கத்தில் சிறு துளை, அதில் சீழ் என்றால் பௌத்திரமாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. நான்கு நிலை: சதை வெளியே வராதது முதல் நிலை. வந்து தானே உள்ளே போவது இரண்டாவது. விரலால் தள்ளினால்தான் போவது மூன்றாவது. தள்ளியும் போகாதது நான்காவது.

3. அடக்காதீர்கள்: மஞ்சள் வெட்டு, கரும்பு வெட்டுக்குப் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்கிறார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. மலம் கல்லாக இறுக இதுவே போதும். காலையில் கிளம்பும் முன்பே போய்விடப் பழகுங்கள்.

4. கழிப்பறையில்: ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். செல்போன் வெளியே இருக்கட்டும். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலடியில் சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் அதிகம் முக்க வேண்டியிருக்காது.

5. சாப்பாடு: கம்மஞ்சோறு, ராகிக் களி, கீரை, வாழைத்தண்டு, கொய்யா என்று நார்ச்சத்தை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் உமி சாப்பிட்டால் டம்ளர் நிறையத் தண்ணீர் அவசியம். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

6. வெந்நீர்: அகலமான பேசினில் கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி, இடுப்பு நனைய 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். தினம் இரண்டு மூன்று தடவை. உப்பும் டெட்டாலும் வேண்டாம். எழுந்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

7. மஞ்சள்: நம் ஊர் மஞ்சளுக்கும் மூல வைத்தியத்துக்கும் தொடர்பு உண்டு. மூலத்தின் அடியில் கட்டும் க்ஷார சூத்திரம் என்ற ஆயுர்வேத மருந்து நூலுக்குக் கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள்பொடி என்று மொத்தம் 21 பூச்சுகள் கொடுப்பார்கள். அது பயிற்சி பெற்ற மருத்துவர் கட்டுவது. வீட்டில் மஞ்சளை அரைத்துப் பூசினால் புண்தான் எரியும்.

8. ஆஸ்பத்திரியில்: ஆரம்ப நிலைக்கு உணவும் மாத்திரையுமே போதலாம். இரண்டாம் நிலையிலும் சில மூன்றாம் நிலையிலும் மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவார்கள்; ரத்த ஓட்டம் நின்று சில நாளில் அந்தச் சதை உதிர்ந்துவிடும். முற்றினால் அறுவை.

9. சுவரொட்டி வைத்தியம்: 'ஒரே ஊசியில் மூலம் போகும்' என்பவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். என்ன மருந்து ஏற்றுகிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆசனவாய் வெந்து சுருங்கிப்போனால் சரிசெய்வது பெரும்பாடு.

10. உடனே போங்கள்: கறுத்த மலம், எடை குறைதல், மயக்கம், மலம் போகும் வழக்கத்தில் மாற்றம் இருந்தாலோ, 45 வயதுக்கு மேல் ரத்தம் போனாலோ புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆசனவாயில் திடீரென நீலம் பாரித்த கட்டி வந்து வலித்தால் மூன்று நாளுக்குள் காட்டுங்கள்.

டாக்டரிடம் "வயிறு சரியில்லைங்க" என்று சுற்றி வளைக்க வேண்டாம். "வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதுங்க" என்றால் போதும். மீதியை அவர் கேட்பார்.